ரத்தம் திரும்பும் நேரம்: சிறுநீரகத்தைக் காப்பது எப்படி?

ஒரே கொடையாளரின் இரண்டு சிறுநீரகங்கள். வயது ஒன்று, ரத்த வகை ஒன்று, அவை வாழ்ந்த உடலும் ஒன்று. நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி நாடுகளின் மருத்துவர்கள் 336 கொடையாளர்களின் சிறுநீரகங்களை எடுத்து, ஒவ்வொரு இணையிலும் ஒன்றைப் பனிப்பெட்டியில் வைத்தார்கள். மற்றதை ஓர் இயந்திரத்தில் பொருத்தி, அதன் ரத்தக் குழாய்களுக்குள் குளிர்ந்த திரவம் இடைவிடாமல் ஓடும்படி செய்தார்கள். பிறகு இரண்டும் வெவ்வேறு நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டன. முடிவு 2009-ல் வெளியானது. பனிப்பெட்டியில் இருந்தவற்றில் 26.5 சதவீதம் பொருத்தியவுடன் சரிவர வேலை செய்யவில்லை. அந்த நோயாளிகளுக்கு முதல் வாரத்திலேயே டயாலிசிஸ் தேவைப்பட்டது. இயந்திரத்தில் இருந்தவற்றில் அது 20.8 சதவீதம். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 90 சதவீதச் சிறுநீரகங்களும் இரண்டாம் பிரிவில் 94 சதவீதச் சிறுநீரகங்களும் இயங்கிக்கொண்டிருந்தன.

இந்த வித்தியாசத்துக்குக் கொடையாளரின் உடல்நிலையைக் காரணம் சொல்ல முடியாது. உடலுக்கு வெளியே இருந்த அந்த மணி நேரங்கள் எப்படிக் கழிந்தன என்பதுதான் காரணம். ஆனால் சேதம் அந்த நேரத்திலேயே நடந்து முடிந்துவிடுவதில்லை. அதில் ஒரு பெரிய பங்கு, ரத்தக் குழாய்களைத் தைத்து முடித்து, கிளாம்பை எடுத்து, வெளிறிக் கிடந்த சிறுநீரகம் கண்ணெதிரே சிவக்கும் அந்த நிமிடத்தில்தான் தொடங்குகிறது. உயிர் கொடுக்க வரும் ரத்தமே காயத்தையும் கொண்டுவருகிறது.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல இது. இதய அறுவை சிகிச்சையில் பைபாஸ் இயந்திரத்தில் கழியும் நேரம், பெருந்தமனி வீக்கத்தைச் சரிசெய்ய அதை இறுக்கிப் பிடிக்கும் நேரம், சிறுநீரகக் கட்டியை மட்டும் வெட்டியெடுக்க அதன் தமனியை அடைக்கும் நேரம், பிரசவத்திலோ விபத்திலோ ரத்தம் கொட்டிப்போகும் நேரம், வாந்தியும் வயிற்றுப்போக்கும் நீண்டு ரத்த அழுத்தம் சரியும் நேரம் என்று எல்லாவற்றிலும் சிறுநீரகம் கொஞ்ச நேரம் ரத்தம் இல்லாமலோ போதாமலோ கிடந்து, பிறகு அதைத் திரும்பப் பெறுகிறது.

கடைமடைப் பகுதி

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஏறக்குறைய 300 கிராம்தான் இருக்கும். ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவுக்கு, இவற்றுக்கே போகிறது. இவ்வளவு ரத்தம் பெறும் உறுப்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் வாடுகிறது?

வரும் ரத்தத்தில் பெரும்பகுதி வெளிப்புறமான புறணிக்குத்தான் போகிறது. அங்கே ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவம் வடிகட்டப்படுகிறது. ஒன்றிரண்டு லிட்டர் சிறுநீராகப் போக, மற்றதையெல்லாம் நுண்குழாய்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. அப்படி நீரை மிச்சப்படுத்த வேண்டுமென்றால், உட்புறமான அகணியில் உப்பு செறிந்து நிற்க வேண்டும். அங்கே ரத்தம் வேகமாக ஓடினால் அந்த உப்பு அடித்துச் செல்லப்பட்டுவிடும். எனவே அகணிக்குப் போகும் ரத்தம் குறைவு. அந்தக் கொஞ்சத்திலும், கீழே இறங்கும் நுண்ணிய ரத்தக் குழாயும் மேலே ஏறும் குழாயும் ஒட்டியே ஓடுவதால், ஆக்சிஜனில் ஒரு பகுதி ஆழத்துக்குப் போகாமலேயே மேலேறும் குழாய்க்குக் கசிந்துவிடுகிறது. புறணியில் ஆக்சிஜனின் அழுத்தம் 50 மி.மீ. பாதரசம் அளவில் இருக்கும்போது அகணியில் அது 10 முதல் 20 வரைதான். அங்குள்ள செல்கள் தங்களுக்கு வரும் ஆக்சிஜனில் சுமார் 80 சதவீதத்தை எடுத்துக்கொண்டுதான் அன்றாட வேலையைச் செய்கின்றன. ஆற்றில் தண்ணீர் கரைபுரண்டாலும் கடைமடை வயலுக்கு எப்போதும் அளந்துதான் கிடைக்கும். தலைமதகை மூடினால் முதலில் காய்வதும், திறந்தால் கடைசியாக நனைவதும் அந்த வயல்தான். அகணியும் அதைத் தொட்டிருக்கும் நுண்குழாய்களும் சிறுநீரகத்தின் கடைமடை.

அந்த எல்லையில் இருக்கும் நுண்குழாய்ச் செல்களுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. தசை, ஆக்சிஜன் இல்லாதபோது சர்க்கரையை அரைகுறையாக எரித்துச் சிறிது நேரம் சமாளிக்கும். இந்தச் செல்களால் அது பெரும்பாலும் முடியாது. ஆக்சிஜன் நின்றால் இவற்றுக்கு ஆற்றல் நின்றது.

நின்றபோதும் திரும்பியபோதும்

ரத்தம் நின்ற சில நிமிடங்களில் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி தீரத் தொடங்குகிறது. சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் ஓய்கிறது. சோடியமும் நீரும் உள்ளே புகுந்து செல் வீங்குகிறது, கால்சியம் கூடுகிறது, அமிலம் சேர்கிறது. ஏடிபி சிதைந்து மிஞ்சிய பொருட்களும், மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருளும் குவிகின்றன. இது மெதுவான சாவு. குளிரில் இன்னும் மெதுவாகும்.

ரத்தம் திரும்பும்போது நடப்பது அவ்வளவு மெதுவானதல்ல. கேம்பிரிட்ஜில் மைக்கேல் மர்ஃபியும் அவருடன் உழைத்தவர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதன் வேதியியலைத் துலக்கியது. எலிகளின் இதயம், சிறுநீரகம், கல்லீரல், மூளை நான்கிலும் ரத்தம் நின்றபோது சக்சினேட் குவிவதை அவர்கள் கண்டார்கள். ஆக்சிஜன் திரும்பியதும் குவிந்ததெல்லாம் ஒரே மூச்சில் எரிகிறது. எலக்ட்ரான்கள் வழக்கமான திசைக்கு எதிராகத் தள்ளப்படுகின்றன. அப்போது ஆக்சிஜன், செல்லின் சவ்வையும் புரதத்தையும் அரிக்கும் சூப்பராக்சைடாக மாறுகிறது. இன்னொரு பக்கம், அதுவரை சேர்ந்திருந்த அமிலத்தை வரும் ரத்தம் கழுவி எடுத்துவிடுகிறது. அந்த அமிலம்தான் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் இருக்கும் ஆபத்தான துளை ஒன்றைத் திறக்கவிடாமல் வைத்திருந்தது. இப்போது அது திறக்கிறது. பிழைத்திருக்க வேண்டிய செல்லும் உடைகிறது.

உடைந்த செல்லுக்குள்ளிருந்து, வெளியே வரக்கூடாத பொருட்கள் சிந்துகின்றன. கிருமி நுழைந்தால் விழித்துக்கொள்ளும் அதே நோயெதிர்ப்பு உணரிகள் இவற்றையும் ஆபத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கின்றன. இங்கே கிருமியே இல்லை. ஆனாலும் அழற்சி தொடங்குகிறது. ரத்தக் குழாயின் உட்சுவர் வீங்கி, ஒட்டும் தன்மை பெறுகிறது. நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் அதில் ஒட்டி, சுவரைக் கடந்து திசுவுக்குள் நுழைந்து, கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் நொதிகளைக் கொட்டுகின்றன. காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதங்களின் தொடரும் சேர்ந்து கிளம்புகிறது. வீங்கிய சுவரில் சிவப்பணுக்கள் சிக்கிக்கொண்டு, பெரிய குழாயில் ஓட்டம் சீரானபின்னும் அகணியில் அது தேங்கியே நிற்கிறது. ரத்தம் நின்ற நேரம் நிமிடங்களில் இருந்தாலும், இந்த அழற்சி நாட்கணக்கில் நீள்கிறது.

இதைப் படிப்பவருக்கு, அழற்சியை முற்றாக அடக்கிவிட்டால் என்ன என்று தோன்றும். அதுதான் இந்தத் துறையில் பலரைத் தவறான வழியில் இழுத்துச் சென்ற எண்ணம் என்று நினைக்கிறேன். முதலில் சேதம் செய்யும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்களே சில நாட்களில் குணம் மாறி, செத்த செல்களை விழுங்கி, பிழைத்த செல்கள் பெருகத் துணைசெய்கின்றன. ஒழுங்குபடுத்தும் டி-செல்கள் என்ற இன்னொரு வகை, சண்டையை நிறுத்தும் வேலையைச் செய்கிறது. எல்லாவற்றையும் ஒரே அடியாக அடக்கினால் சீரமைப்பும் நின்றுபோகும். எதை அடக்குவது என்பதைவிட, எந்த மணி நேரத்தில் அடக்குவது என்பதுதான் கடினமான கேள்வி.

மருந்துகள் ஏன் தோற்றன

எலியின் சிறுநீரகத் தமனியை 25 அல்லது 30 நிமிடம் அடைத்துத் திறந்து, அதற்கு முன்பே ஒரு மருந்தைக் கொடுத்திருந்தால், பலன் தெரிவது அரிதல்ல. அப்படி வென்ற மருந்துகள் ஏராளம். மனிதரிடம் வந்தபோது அவை ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ரத்தக் குழாயை விரிக்கும் என்று நம்பி, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பல்லாண்டுகள் குறைந்த அளவு டோப்பமின் ஏற்றினார்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மருத்துவர்கள் 328 நோயாளிகளிடம் சோதித்து 2000-ல் வெளியிட்ட முடிவில், அதனால் சிறுநீரகத்துக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று தெரிந்தது. காம்ப்ளிமென்ட் தொடரை நிறுத்தும் எக்குலிசுமாப், மாற்றுச் சிறுநீரகம் தாமதமாக விழிப்பதைத் தடுக்கவில்லை. செல் தன்னை அழித்துக்கொள்ளத் தூண்டும் பி53 மரபணுவைத் தற்காலிகமாக மௌனமாக்கும் டெப்ராசிரான், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 341 பேரிடம் நல்ல பலன் காட்டியது. சிறுநீரகப் பாதிப்பு 50 சதவீதத்திலிருந்து 37 ஆகக் குறைந்தது. அடுத்த கட்டப் பெரிய ஆய்வில் அந்தப் பலன் நிற்கவில்லை.

காரணம் ஒன்றல்ல. ஆய்வகத்து எலி இளையது, நீரிழிவு இல்லாதது, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடாதது. மனிதச் சிறுநீரகத்தின் தாங்கும் திறனும் வேறு: கட்டியை அகற்றத் தமனி அடைக்கப்பட்ட, பெரும்பாலோருக்கு 30 நிமிடத்துக்கு மேல் அடைக்கப்பட்ட, 40 பேரின் திசுவைப் பார்த்த ஆய்வு 2013-ல் வந்தது, எலியில் காணும் பேரழிவுக்குப் பதில் லேசான மாற்றங்களே அதில் தெரிந்தன. ஆனால் என் பார்வையில் முதன்மையான காரணம் காலம்தான். கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் கூடினால்தான் நாம் சிறுநீரகப் பாதிப்பு என்கிறோம். அது கூடி, பரிசோதனையில் தெரிவதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். சக்சினேட் எரிந்ததும் துளை திறந்ததும் முதல் சில நிமிடங்களில் முடிந்த கதை. நியூட்ரோபில்கள் வந்து சேர்ந்ததும் முதல் சில மணி நேரத்தில். கிரியேட்டினினைப் பார்த்துவிட்டு மருந்து எடுத்துவருபவர் எப்போதும் தாமதமாகத்தான் வருகிறார். சிறுநீரில் சில புரதங்கள் கூடுவதை வைத்து ஆபத்தை முன்கூட்டியே அறியும் பரிசோதனைகள் இப்போது இருக்கின்றன. ஜெர்மனியில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் அந்தப் பரிசோதனையில் ஆபத்து தெரிந்த 276 பேரில் ஒரு பாதிக்கு, ரத்த அழுத்தம், உடல்நீர் அளவு, சர்க்கரை, சிறுநீரகத்துக்குக் கேடான மருந்துகளை நிறுத்துவது ஆகியவற்றைக் கண்டிப்பாகக் கவனித்தார்கள். அவர்களில் 55.1 சதவீதம் பேருக்கும், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 71.7 சதவீதம் பேருக்கும் பாதிப்பு வந்தது. இதில் புது மருந்து எதுவும் இல்லை.

முன்கூட்டிச் செய்ய வேண்டியது என்ற பாடத்தை மருத்துவம் பெரும் துயரத்தின் நடுவே கற்றது. 1941-ல், ஜெர்மன் குண்டுவீச்சின்போது லண்டனில், இடிபாடுகளில் கை கால் நசுங்கி மணிக்கணக்கில் கிடந்து மீட்கப்பட்டவர்கள் முதலில் தேறியவர்களாகத் தெரிந்து, சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை எரிக் பைவாட்டர்ஸும் டெஸ்மண்ட் பீலும் பதிவுசெய்தார்கள். காலை விடுவித்து ரத்தம் திரும்பியதும், நசுங்கிய தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதமும் பொட்டாசியமும் உடலெங்கும் பாய்ந்திருந்தன. அதனால்தான் இன்று நிலநடுக்க மீட்பில், இடிபாட்டுக்குள் கிடக்கும்போதே, காலை விடுவிப்பதற்கு முன்பே சலைன் ஏற்ற வேண்டும் என்று சிறுநீரக மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள்.

குளிர், ஓட்டம், உப்பு நீர்

வென்ற வழிகளைப் பார்த்தால் அவை எளிமையானவை. முதலாவது குளிர். நான்கு டிகிரி செல்சியஸில் செல்லின் தேவை வழக்கத்தின் பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழோ சுருங்கிவிடும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கர்ட் பெல்சரும் ஜேம்ஸ் சதர்டும் 1980களில் உருவாக்கிய பாதுகாப்புத் திரவத்தில், செல் வீங்காமல் தடுக்கும் பெரிய மூலக்கூறுகளோடு, கவுட் மூட்டுவலிக்காரர்கள் சாப்பிடும் அலோபியூரினாலும் இருக்கிறது. ஏடிபி சிதைந்த மிச்சத்திலிருந்து நச்சு ஆக்சிஜன் உருவாகும் ஒரு பாதையை அது அடைக்கிறது. அந்தத் திரவத்திலும் காலம் நின்றுவிடுவதில்லை. சிறுநீரகம் ஒரு நாள்வரை குளிரில் தாங்கும் என்பதால் இதயத்துக்குக் காட்டும் அவசரத்தை இதற்குக் காட்டாமல் விடும் மனப்போக்கு உண்டு. குளிரில் கழியும் ஒவ்வொரு கூடுதல் மணி நேரமும் பிற்காலத்தில் அந்தச் சிறுநீரகத்தை இழக்கும் வாய்ப்பைச் சுமார் 1.3 சதவீதம் ஏற்றுகிறது என்று பிரான்ஸில் நடந்த ஆய்வு 2015-ல் காட்டியது. தமிழ்நாட்டில் 2008-ல் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிரும் திட்டம் தொடங்கியது முதல், ஓர் ஊரில் எடுத்த சிறுநீரகம் இன்னோர் ஊருக்குப் போவது வழக்கமாகிவிட்டது. இந்த மணிக்கணக்கு நமக்கும் பொருந்தும்.

இரண்டாவது ஓட்டம். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இயந்திரம் அதைத்தான் செய்கிறது. கொடையாளரின் உடலையே 34 முதல் 35 டிகிரிக்குக் குளிர்வித்த அமெரிக்க ஆய்வும் 2015-ல் நல்ல செய்தி தந்தது. தாமதமாக விழிக்கும் சிறுநீரகங்கள் 39 சதவீதத்திலிருந்து 28 ஆகக் குறைந்தன. ஆனால் 2023-ல் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, உடலைக் குளிர்வித்தவர்களில் 30 சதவீதம், இயந்திரத்தில் 19 சதவீதம் என்று இயந்திரமே முந்தியது. குளிர்ந்த திரவத்துக்குப் பதிலாக உடல் வெப்பத்தில் ஒரு மணி நேரம் ரத்தத்தையே ஓடவிட்டுப் பார்த்த பிரிட்டன் ஆய்வு, 338 சிறுநீரகங்களில், பனிப்பெட்டியைவிடப் பலன் எதையும் காணவில்லை. அந்த வழியில் ஆராய்ச்சி ஓயவில்லை. பொருத்துவதற்கு முன் ஒரு சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள அது உதவக்கூடும்.

எனக்கு எல்லாவற்றையும்விட மகிழ்ச்சி தந்தது மூன்றாவது, ஏனென்றால் அதற்கு இயந்திரம் வேண்டியதில்லை. அறுவை அரங்கில் எங்கும் ஏற்றும் சாதாரண சலைனில் ரத்தத்தில் இருப்பதைவிடக் குளோரைடு அதிகம். அது சிறுநீரக ரத்தக் குழாய்களைச் சுருக்கும் தன்மை கொண்டது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும், மாற்றுச் சிறுநீரகம் பெற்ற 808 பேரில் பாதிப் பேருக்குச் சலைனும் மீதிப் பேருக்கு ரத்தத்தின் உப்புச் சமநிலையை ஒத்த திரவமும் ஏற்றினார்கள். 2023-ல் வந்த முடிவில், டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் சலைன் பிரிவில் 40 சதவீதம், மற்றதில் 30 சதவீதம். டிரிப்ஸ் பாட்டிலை மாற்றியதற்கு இவ்வளவு பலன். நம் மருத்துவமனைகள் இன்றே செய்யக்கூடிய மாற்றம் இது.

இதய அறுவை சிகிச்சையில் 2024-ல் வெளியான இன்னொரு நல்ல முடிவு, அமினோ அமிலங்களைப் பற்றியது. புரதச் சாப்பாட்டுக்குப் பிறகு சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் இயல்பாகவே கூடும். அதைப் பயன்படுத்தி, 3,511 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு அறுவை சிகிச்சையின்போது அமினோ அமிலக் கலவையை நரம்பு வழி ஏற்றினார்கள். சிறுநீரகப் பாதிப்பு 31.7 சதவீதத்திலிருந்து 26.9 ஆனது, கடுமையான பாதிப்பு 3 சதவீதத்திலிருந்து 1.6 ஆனது. இறப்பு எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன் கையில் பி.பி. பட்டையை இறுக்கி ஐந்து நிமிடம், தளர்த்தி ஐந்து நிமிடம் என்று மூன்று சுற்றுச் செய்தால் உடல் எங்கோ இருக்கும் சிறுநீரகத்தையும் தயார்ப்படுத்துகிறது என்ற வியப்பான யோசனையும் உண்டு. 2015-ல் 240 பேரிடம் அது பலித்தது. அதே ஆண்டு வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் பலிக்கவில்லை. எந்த மயக்க மருந்து கொடுக்கப்பட்டது என்பதும் இதில் குறுக்கிடக்கூடும் என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய முதல் நாள் சிறுநீர் வராவிட்டால் குடும்பமே இடிந்துபோகும். தானம் வீணாகிவிட்டதோ என்று அழுபவர்கள் உண்டு. அந்தச் சிறுநீரகம் ‘தூங்குகிறது’ என்று மருத்துவர்கள் சொல்வது வெறும் ஆறுதல் அல்ல. காயம்பட்ட நுண்குழாயில் பிழைத்த செல்கள் தங்கள் வழக்கமான வேலையை நிறுத்திவிட்டு, பெருகி, வெறுமையான இடத்தை மூடுகின்றன. பெரும்பாலும் சில நாட்களில், சிலருக்கு இரண்டு மூன்று வாரங்களில், சிறுநீர் வரத் தொடங்கும். அதுவரை டயாலிசிஸ் துணை நிற்கும்.

சீரமைப்பு எப்போதும் முழுமையாவதில்லை. சில செல்கள் பாதியில் நின்று, அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளைத் தொடர்ந்து வெளியிடுகின்றன. அங்கே தழும்புத் திசு படிகிறது. கிரியேட்டினின் இயல்புக்கு வந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பவருக்கும் ஆண்டுகள் கழித்து நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எனவேதான் கடும் பாதிப்பு வந்தவரை மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்று பன்னாட்டு வழிகாட்டல் சொல்கிறது. கிரியேட்டினினோடு சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். இது நம் ஊரில் அடிக்கடி விட்டுப்போகிறது. இதய அறுவை சிகிச்சை முடிந்தவர் இதய மருத்துவரை மட்டும் பார்க்கிறார்.

டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள், அகணிக்கு ரத்தம் போக உதவும் புரோஸ்டாகிளாண்டினை உடல் உண்டாக்கவிடாமல் தடுக்கின்றன. ஏற்கெனவே அளந்து ரத்தம் பெறும் இடத்தில் இது அடி. சிறுநீரகம் ஒருமுறை காயம்பட்டவர் இவற்றை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் ரத்த அழுத்த மாத்திரையையும் நீர் பிரியும் மாத்திரையையும் தொடர்வதா, நிறுத்துவதா என்று மருத்துவரை அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். தானாக முடிவெடுப்பது இரண்டு பக்கமும் ஆபத்து. ஸ்கேனுக்கு மருந்து ஏற்றும்போதும், பல் பிடுங்கப் போகும்போதும், ‘எனக்கு முன்பு கிட்னி பாதித்தது’ என்று சொல்லிவிட வேண்டும். மருத்துவமனையிலிருந்து வரும் நாளில் தரும் டிஸ்சார்ஜ் தாளில், கிரியேட்டினின் அதிகபட்சம் எவ்வளவு போனது, வீடு திரும்பும்போது எவ்வளவு இருந்தது என்ற இரண்டு எண்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், கிளம்புமுன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.